கைவேலை மன்றம்: ஐந்தரை அடியும் ஆறங்குல அளவுகோலும்

சென்ற திங்கள் இப்பகுதியில் பழைய தீப்பெட்டிகளைக் கொண்டு சிறு இழுப்பறைப் பேழை செய்யும் முறையை எழுதியிருந்தோம். அதைப் படித்த பிலாய் நகரத்து அன்பர் ஒருவர், "தீப்பெட்டியோடு நின்றுவிடாமல், அளவு மாறாத சிற்றுருக்கள் செய்வதைப் பற்றியும் எழுதலாகாதா? அதற்கு எத்தனை ரூபாய்க் கருவிகள் வேண்டும்? எத்தனை நாட்களில் கை பழகும்?" என்று வினவியிருக்கிறார். இரண்டும் நியாயமான வினாக்களே. முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டாவதற்கு விடை கூறப் புகுந்தால், கடந்த ஓராண்டாக நாம் பட்ட பாட்டையும், செய்த பிழைகளையும் கூறியாக வேண்டும். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, கூறிவிடுகிறோம்.

பொம்மைக்கும் சிற்றுருவுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக் கொள்வது நலம். பொம்மை இரயில் இரயிலைப் போல இருந்தால் போதும். சிற்றுருவோ ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே விகிதத்தில் குறுகியிருக்க வேண்டும். உலகெங்கும் இரயில் சிற்றுருவாளர்கள் மிகுதியாகக் கையாளும் விகிதத்திற்கு 'எச்.ஓ.' என்று பெயர். உண்மையான ஓர் அடி நீளத்திற்குச் சிற்றுருவில் மூன்றரை மில்லிமீட்டர் என்பது அதன் கணக்கு. ஓர் அடி 304.8 மில்லிமீட்டர் ஆகையால், அதை மூன்றரையால் வகுத்தால் ஏறத்தாழ 87 வரும். எனவே 87 பங்கில் ஒரு பங்கு. இந்த எண் இவ்வளவு ஒழுங்கற்றதாய் இருப்பானேன் என்று ஐயுறுவோர்க்கு இதுவே விடை: அடியையும் மில்லிமீட்டரையும் மணம் முடித்ததால் பிறந்த குழந்தை அது.

நாம் செய்ய எடுத்துக்கொண்டது, சென்னை பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைப் பயணிகள் பெட்டி. வடபுலத்தில் பிழைக்க வந்த குடும்பங்களில் அப்பெட்டியில் படுத்துறங்கி ஊர் போகாதவர் யார்? அவ்வகைப் பெட்டியைக் கட்டும் வேலையை அத்தொழிற்சாலை 2018ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. புதிய வகைப் பெட்டிகள் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. நாம் சிறுவனாய் இருந்தபோது ஏறிய கருநீலப் பெட்டி, சன்னல் வரிசையின் குறுக்கே வெளிர்நீலப் பட்டையோடு, நம் வீட்டு அலமாரியில் ஒன்று நிற்கட்டுமே என்பது ஆசை.

அதன் கணக்கைப் பாருங்கள். பெட்டியின் உடல் நீளம் 21,337 மில்லிமீட்டர், சிற்றுருவில் 245. அகலம் 3,245, சிற்றுருவில் 37.3. இரு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 14,783, சிற்றுருவில் 170. ஒரு போகியில் அச்சுக்கும் அச்சுக்கும் இடையே 2,896, சிற்றுருவில் 33.3. சக்கரத்தின் விட்டம் 915, சிற்றுருவில் பத்தரை. இப்பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிய பின்னரே கத்தியைக் கையில் எடுத்தோம்.

அளவு கிட்டாத உறுப்புகளுக்கு என்ன செய்வது? நடைமேடையில் நின்று, பெட்டிக்கு நேர் எதிரே, இயன்ற அளவு தள்ளி நின்று ஒரு நிழற்படம் எடுங்கள். அப்படத்தில் சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தால், 915 என்ற எண் நமக்குத் தெரியுமாகையால், மற்ற உறுப்புகளைத் திரைராசிக் கணக்கால் கண்டுகொள்ளலாம். சாய்ந்து எடுத்த படம் பொய் சொல்லும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கூறுகிறோம்: அளப்பதற்கென்று பாதையில் இறங்காதீர்கள். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அது குற்றம். குற்றம் என்பதைவிட, உயிருக்கு இடர்.

இனி அன்பரின் முதல் வினா. நமக்கு ஆன செலவு, கணக்குப் புத்தகத்தில் உள்ளபடி, 1,140 ரூபாய். மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் 3ஆம் எண் கத்திப்பிடி ஒன்றும், அதில் பொருந்தும் 11ஆம் எண் அலகுகள் ஒரு கட்டும் வாங்கினோம். அறுவை மருத்துவர் கையாளும் அந்தக் கூர்முனை அலகே சன்னல் மூலைகளை வெட்டுவதற்குச் சிறந்தது. ஆறங்குல எஃகு அளவுகோல் ஒன்று, சிறிய மூலைமட்டம் ஒன்று, கூர்முனைச் சாமணம் ஒன்று, நுண்ணிய அரங்கள் ஒரு தொகுதி, 220 முதல் 1000 எண் வரையில் உப்புத்தாள் நான்கு வகை, வெட்டுவதற்கான இரப்பர் விரிப்பு ஒன்று, விரலால் திருகும் சிறு துளைக்கருவி ஒன்று. இவ்வளவே. மின்சாரத்தால் சுழலும் கருவி ஒன்றுகூட இல்லை. பாலிஸ்டைரின் தகடும் ஒட்டுப் பசையும் வண்ணமும் தனிச் செலவு.

கருவி வாங்குவது எளிது. அதைக் கையாளப் பழகுவதே வேலை. நாம் கற்றவற்றுள் சில இங்கே.

தகட்டை ஒரே வெட்டில் துண்டாக்க முயலாதீர்கள். அளவுகோலை அணைத்து, இலேசாக ஐந்தாறு முறை கீறினால் அலகு தானே வழி கண்டுகொள்ளும். தடித்த தகட்டைப் பாதி கீறி, மெல்ல வளைத்தால் கோட்டில் முறிந்துவிடும். கூர் மழுங்கிய அலகே கையை வெட்டும் அலகு. ஏனெனில் அதை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்குகிறது. அலகு விலை ஆறேழு ரூபாய். விரலுக்கு விலை இல்லை. மழுங்கிய அலகுகளை மூடியுள்ள பழைய டப்பாவில் போட்டு வையுங்கள். குப்பை அள்ளும் தாய்மாரின் கைகளும் கைகளே.

சன்னல் வெட்டும்போது நான்கு மூலைகளிலும் முதலில் நுண்துளை இட்டு, மூலையிலிருந்து நடுவை நோக்கி வெட்டுங்கள். நடுவிலிருந்து மூலையை நோக்கி வெட்டினால் கத்தி மூலையைத் தாண்டி ஓடும். சுவர் முழுவதும் வீணாகும். நாம் இவ்வாறு மூன்று சுவர்களை வீணாக்கிய பின்னரே இதை உணர்ந்தோம்.

பாலிஸ்டைரினுக்குரிய பசை, கோந்தைப் போல இடையில் நின்று பிடித்துக்கொள்வதன்று. இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்துவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். ஆகவே துண்டுகளை முதலில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, பசை தோய்ந்த தூரிகையின் நுனியால் இடுக்கைத் தொட்டால் போதும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இடுக்கு பசையை இழுத்துக்கொள்ளும். ஓர் இரவு விட்டுவையுங்கள். சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். அந்த ஆவி நுரையீரலுக்கு நல்லதன்று.

இதற்கெல்லாம் இடம் வேண்டாமா என்பீர்கள். நாகபுரியில் நமக்கு ஒதுக்கப்பட்ட இரயில்வே குடியிருப்பில் மேசை ஒன்றே ஒன்று. மாலையில் அதன்மேல் மகனின் பாடப்புத்தகங்கள். இரவு எட்டு மணிக்கு நால்வர் உணவு. எனவே விளிம்பு உயர்ந்த பழைய தேநீர்த் தட்டு ஒன்றை நமது பட்டறையாக்கிக் கொண்டோம். உருண்டோடும் உறுப்புகளை அந்த விளிம்பு தடுக்கும். ஒன்பது மணிக்குத் தட்டு மேசைமேல் ஏறும். ஒன்பதரைக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நாளொன்றுக்கு அரை மணி நேரம். அதற்கு மேல் இல்லை. இல்லத்தரசியின் ஆணையும் அதுவே.

அலுவலகப் பழக்கம் விடுமா? ஒரு குறிப்பேடு வைத்தோம். நாள், செய்த வேலை, குறை என்று மூன்று பத்திகள். அதைப் புரட்டிப் பார்த்தால் நமக்கே நகைப்பு வருகிறது. 'இடப்பக்கச் சுவர், நான்கு சன்னல்கள். குறை: ஒன்று சாய்வு.' 'ஒன்றும் செய்யவில்லை. மாதக் கடைசிக் கணக்கு.' 'படிக்கட்டு ஒன்று கீழே விழுந்தது. அரை மணி நேரமும் தேடினோம். கிடைக்கவில்லை.' மறுநாள், 'படிக்கட்டு கிடைத்தது, சட்டைப்பையில் இருந்தது.' ஒரு நாளைப் பார்த்தால் முன்னேற்றம் என்று ஒன்றும் தென்படாது. முப்பது நாட்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு சுவர் எழுந்து நிற்பது தெரியும்.

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பின் தொடங்கிய வேலை, மாசி மாதத்தில் பெட்டி என்று சொல்லத்தக்க உருவத்தை அடைந்தது. சுவர்கள், தளம், வளைந்த கூரை எல்லாம் கூடிவிட்டன. அயல்நாட்டில் செய்த எச்.ஓ. போகிகள் இரண்டை விலைக்கு வாங்கி அடியில் பொருத்தினோம். மகனின் பிறந்த நாளுக்கென்று வாங்கிய வட்டத் தண்டவாளம் ஒன்று வீட்டில் இருந்தது. அதன்மேல் பெட்டியை வைத்ததும் தடையின்றி உருண்டது. ஒன்பது வயதுப் பிள்ளை கைகொட்டி ஆர்த்தான். நமக்கும் பெருமிதம் தாங்கவில்லை. யாரிடமாவது காட்டியாக வேண்டுமே!

நம் குடியிருப்பின் அடுத்த வரிசையில் ஒரு பெரியவர் மகனோடு வாழ்ந்து வந்தார். பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் 34 ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். விழுப்புரத்தை அடுத்த சிற்றூர்க்காரர். கண் மங்கி வருகிறது. விரல்கள் மட்டும் மங்கவில்லை. அவரிடம் பெட்டியைக் கொண்டு போய்க் கொடுத்தோம். மெச்சிக்கொள்வார் என்பது நம் எண்ணம்.

அவர் சுவரைத் தடவினார். சன்னல்களை விரல் நுனியால் எண்ணினார். பின் பெட்டியைக் கவிழ்த்து, இரு சக்கரங்களுக்கும் இடையே கட்டைவிரல் நகத்தை வைத்தார். முகம் மாறியது.

"இது நம்ம லைன் வண்டி இல்லையே, தம்பி."

"பெரம்பூர்ப் பெட்டிதான் ஐயா. அளவெல்லாம் சரிபார்த்துத்தான்..."

"மேலே பெரம்பூரு. கீழே வேற ஊரு. ஒல்லிக் காலு மேலே பெருத்த உடம்பு நிக்குது பாருங்க."

உள்ளே போய், சட்டைத் துணியில் சுற்றிவைத்திருந்த ஆறங்குல எஃகு அளவுகோலை எடுத்து வந்தார். எண்கள் தேய்ந்து போன பழைய அளவுகோல். நம்மையே வைத்து அளக்கச் சொன்னார். பதினாறரை மில்லிமீட்டர். "இப்போ கணக்குப் போடுங்க, நீங்கதானே கிளார்க்கு," என்றார்.

கணக்குப் போட்டோம். வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினாறரையை 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வருகிறது. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்காக உள்ள 4 அடி எட்டரை அங்குலப் பாதை. நம் நாட்டு அகலப் பாதையோ ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீட்டர். இந்நாட்டில் இரயில் போடத் தொடங்குமுன் டல்ஹௌசி பிரபு ஆறடி வேண்டும் என்றார், பொறியாளர் சிம்ஸ் ஐந்தரை அடி போதும் என்றார், ஐந்தரையே நிலைத்தது. ஐந்தரையை மூன்றரையால் பெருக்கினால் சிற்றுருவில் பத்தொன்பதேகால் மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாம் வைத்த சக்கரங்கள் இரண்டே முக்கால் மில்லிமீட்டர் குறைவு. சுவரில் ஒட்டிய பட்டியலில் நீளமும் அகலமும் எழுதியிருந்தோம். பாதையின் அகலத்தை எழுதவே இல்லை! நாள்தோறும் இரயில்வே அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவனுக்கு அது எழுதத் தோன்றாமற் போனதுதான் வியப்பு. கண்முன்னே கிடப்பதை யார் அளக்கிறார்கள்?

வீட்டிற்கு வந்து செய்தியைச் சொன்னதும் மகன் அழாத குறை. "அப்பா, சக்கரத்தை அகலமாக்கினா நம்ம தண்டவாளத்துல ஓடாதே!" என்றான். அவன் சொன்னதும் உண்மை. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் எல்லாம் பதினாறரையே. இந்திய வண்டிகளைச் செய்யும் சிற்றுருவாளர் பலர், ஓடினால் போதும் என்று இக்குறையைப் பொறுத்துக்கொள்வது உண்டு. அது தவறென்று நாம் சொல்ல மாட்டோம். ஓட வேண்டுமா, உண்மையாய் இருக்க வேண்டுமா என்பது அவரவர் முடிவு. ஆனால் அந்தப் பெரியவரின் நகம் வைத்த இடத்தை நம்மால் மறக்க முடியவில்லை.

இரண்டு இரவுகள் தட்டை எடுக்காமலே யோசித்தோம். விடை இரயில்வேயிடமே இருந்தது. இருவேறு அகலப் பாதைகள் சந்திக்கும் இடங்களில் என்ன செய்கிறார்கள்? போலந்து எல்லையை ஒட்டிப் பெலாரசில் உள்ள பிரெஸ்ட் நகரில், பெட்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் உள்ள போகிகளை மட்டும் மாற்றி அனுப்பும் முறை நெடுங்காலமாக வழங்கியதன்றோ? நாமும் அவ்வாறே செய்தால் என்ன? ஒரு திருகாணியால் மாட்டவும் கழற்றவும் கூடிய இரண்டு இணைப் போகிகள். ஓடுவதற்குப் பதினாறரை, உண்மையாய் நிற்பதற்குப் பத்தொன்பதேகால். மகனிடம் சொன்னோம். ஒரு கணம் எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நானே மாத்துவேன்," என்றான். உடன்பாடு ஏற்பட்டது.

அகலப் போகி கடையில் கிடைக்காது. செய்துகொள்ள வேண்டும். இவ்விடத்தில் இக்காலத்துக் கருவி ஒன்று நமக்குத் துணை வந்தது. நம் குடியிருப்பில் பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவரிடம் முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கிறது. ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசினை, 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று இறுகச் செய்து உருவம் எழுப்பும் பொறி அது. நாம் வரைந்து கொடுத்த போகிச் சட்டங்களை ஓர் இரவில் செய்து தந்தார். வில்லும் அச்சுப்பெட்டியும் எத்துணை நுட்பமாக இருந்தன! கத்தியும் அரமும் கொண்டு நாம் மூன்று மாதம் முயன்றாலும் அந்நுட்பம் வந்திராது.

பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் மெச்சவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அளவுகோலை எடுத்துக் கொடுத்தார். அச்சுக்கு அச்சு 33.3 இருக்க வேண்டிய இடத்தில் 33 கூட இல்லை. இறுகும்போது பிசின் சற்றுச் சுருங்கிவிடுகிறது. "மெஷின் செஞ்சாலும் சரி, மனுஷன் செஞ்சாலும் சரி, அளக்கிறது நாமதான்," என்றார். சுருக்கத்தை ஈடுகட்ட வரைபடத்தை நூற்றுக்கு ஒன்றளவு பெரிதாக்கி மறுபடியும் செய்யச் சொன்னோம்; பொருந்தியது. இப்பொறியை நாடும் அன்பர்க்கு ஓர் எச்சரிக்கை: இறுகாத பிசின் தோலில் படலாகாது. கையுறை அணிந்து, உருவத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஒளியில் முழுதும் இறுகச் செய்த பிறகே தொடவேண்டும். கழுவிய நீர்மத்தைத் தொட்டியில் கொட்டலாகாது.

இவ்வாறு வாரத்திற்கு ஒருமுறை பெரியவர் வீட்டுத் திண்ணையில் தணிக்கை நடக்கும். நம் மகனும் உடன் வருவான். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமே பழகிய பிள்ளை. உப்புத்தாள், அரம், மூலைமட்டம், சாமணம் ஆகிய சொற்களை அவன் கற்றது அந்தத் திண்ணையில்தான். பாடமாக யாரும் கற்பிக்கவில்லை. "தாத்தா, சாமணத்தை எடுக்கட்டுமா?" என்று ஒரு நாள் அவன் கேட்டபோது நாம் சற்றே திரும்பிப் பார்த்தோம்.

ஆனி மாதத்தில் ஒரு செய்தி வந்தது. பெரியவர் ஊருக்கே திரும்பிப் போகிறார். மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். ஆவணி பிறந்ததும் பயணம். அந்தப் பெட்டியை அவருக்கே கொடுத்தனுப்ப வேண்டும் என்று நாமும் மகனும் அன்றே முடிவு செய்தோம். அவர் 34 ஆண்டுகள் கீழே படுத்துப் பார்த்த பெட்டி, இனி அவர் கைக்குள் இருக்கட்டும்.

வண்ணம் பூசும் வேலையே மீதி. இங்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பூச்சு 0.05 மில்லிமீட்டர் கனம் என்று கொண்டால், உண்மைப் பெட்டியில் அது நான்கு மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள பூச்சாகிறது! அவ்வாறு பூசினால் கதவின் கோடுகளும் சன்னலின் விளிம்பும் மூழ்கிப்போகும். ஆகவே தண்ணீர்போல் நீர்த்த வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று நன்றாகக் காய்ந்த பின் அடுத்ததாக இட வேண்டும். முதற்பூச்சில் அடியிலுள்ள நிறம் தெரிவதைக் கண்டு மனம் கலங்கலாகாது. நான்காவது பூச்சில் மூடிவிடும்.

கருநீலம் நன்றாகவே அமைந்தது. வெளிர்நீலப் பட்டையும் நேராக வந்தது. மேலே காப்பாக ஒளிபுகும் மெருகு மட்டும் தெளிக்க வேண்டும். பெரியவரின் பயணத்திற்கு ஆறு நாட்களே இருந்தன. நாகபுரியில் அடைமழை. துணி காய மூன்று நாள் ஆகும் பருவம். காத்திருக்க நாளில்லை என்று, மழை பெய்யும் ஒரு மாலையில், அரை மணி நேரத்திற்குள் இரண்டு முறை மெருகைத் தெளித்துவிட்டோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், நீலப் பெட்டி முழுவதும் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

காரணம் இதுதான். மெருகிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், அந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்து மெருகுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனாலேயே வெண்மை. புத்தகத்தில் படிக்காத செய்தியன்று. அவசரத்தில் மறந்த செய்தி.

அன்றிரவே பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். எப்படியாவது சுரண்டி எடுத்து, மறுபடி வண்ணம் பூசி, பயணத்திற்குள் முடித்துவிடுவதாகவும் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"மழை நாளிலே நாங்க வார்னிஷ் டப்பாவைத் திறக்கவே மாட்டோம், தம்பி. நான் போறேங்கிறதுக்காக வண்டியைக் கெடுக்காதீங்க. ஃபிட்டுன்னு கையெழுத்து விழாத வண்டி யார்டை விட்டு நகரக் கூடாது. வெயில் வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்பது எப்போது? அவர் இங்கே இருக்க மாட்டாரே என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா? ஆவணி மூன்றாம் நாள் சென்னை வண்டியில் அவரை ஏற்றிவிட நிலையத்திற்குப் போயிருந்தோம். வண்டி புறப்படுமுன் மகனை அழைத்து, சட்டைத் துணியில் சுற்றிய ஒன்றை அவன் கையில் வைத்தார். ஆறங்குல அளவுகோல். "நல்லா அளக்கணும்," என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மழை ஓய்ந்து வெயில் தெளிந்ததும், மெதுவாகக் காயும் கரைப்பானை மிக மெல்லியதாக ஒருமுறை தெளித்தோம். சிக்கியிருந்த ஈரம் வெளியேற, வெண்மை பெரும்பாலும் மறைந்தது. கூரையோரம் ஓரிடத்தில் மட்டும் எஞ்சியது. அவ்விடத்தைச் சுரண்டிவிட்டு, மூன்று மெல்லிய பூச்சுகள் இட்டு, ஒரு வாரம் காயவிட்டு, மெருகு தெளித்தோம். இம்முறை சரியாக வந்தது. ஒரு ஞாயிறு முழுவதும் ஓட்டப் போகிகளை மாட்டி, மகனின் வட்டத் தண்டவாளத்தில் பெட்டி சுற்றிச் சுற்றி ஓடியது. மாலையில் அவனே அவற்றைக் கழற்றி, அகலப் போகிகளை மாட்டினான். பஞ்சு வைத்துக் கட்டிய பெட்டி, தீபாவளிக்கு ஊர் போன நண்பர் ஒருவர் வழியாக விழுப்புரம் போய்ச் சேர்ந்தது.

நான்கு நாட்களுக்குப் பின் தொலைபேசியில் பெரியவர் பேசினார். கூரை வளைவு நன்றாக இருக்கிறது என்றார். ஒரு கதவுக் கைப்பிடி சற்று உயர்ந்துவிட்டது என்றார். பின்பு, "வீல் அளவு பாக்கணும், என்கிட்டே ஸ்கேல் இல்லை. உங்க பையன் அளந்தானா?" என்று கேட்டார்.

"அளந்தான் ஐயா. பத்தொன்பதேகால்."

"அப்போ ஃபிட்டு," என்றார்.

பிலாய் அன்பரின் இரண்டாவது வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நம் குறிப்பேட்டின்படி, முதற்பெட்டியின் ஒரு சுவருக்கு இருபத்து மூன்று இரவுகள் பிடித்தன. இப்போது கட்டிவரும் இரண்டாவது பெட்டியின் சுவர் ஒன்பது இரவுகளில் முடிந்தது. சன்னல் மூலைகளை வெட்டுவது நாம். உப்புத்தாள் இடுவதும் அளப்பதும் மகன். கை பழகுவதற்கு ஓராண்டு போதும் எனலாம். அவசரம் அடங்குவதற்கு எத்தனை ஆண்டு என்பதை நம்மைக் கேளாதீர்கள்.

தொடங்க விரும்புவோர் பிள்ளைகளோடு ஒருமுறை நல்ல சிற்றுருக்களையும் உண்மை வண்டிகளையும் கண்டு வருதல் நலம். புனேயின் கோத்ரூட் பகுதியில் சிற்றுரு இரயில்களுக்கென்றே ஜோஷி அருங்காட்சியகம் உள்ளது. புதுதில்லி சாணக்கியபுரியில் 1977ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய இரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. நாகபுரிக்கு வருவோர் கட்பி சௌக்கில் உள்ள குறுகிய பாதை அருங்காட்சியகத்தையும் காணலாம். அங்குள்ள வண்டிகளின் பாதை அகலம் இரண்டரை அடி. அதை மூன்றரையால் பெருக்கினால் சிற்றுருவில் எத்தனை மில்லிமீட்டர் என்பதை உங்கள் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்லட்டும். சரியான விடையோடு, தாம் செய்துவரும் வேலையைப் பற்றியும் நான்கு வரி தமிழில் எழுதியனுப்பும் சிறுவர் சிறுமியரின் மடல்களை இப்பகுதியில் வெளியிடுவோம்.

அடுத்த திங்கள், அட்டையைக் கொண்டு கூரை வளைக்கும் முறையைப் படங்களோடு விளக்குவோம். அதுவரை, உங்கள் தட்டு கட்டிலுக்கு அடியில் நெடுநாள் உறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.